வீட்டு வீடியோவை எந்த வட்டில், எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் பழைய வீடியோ காஸெட்டுகளைக் கணினியில் ஏற்றி வட்டில் எழுதித் தருகிறேன். கல்யாணம், காதுகுத்து, குகை மாரியம்மன் திருவிழா வண்டி வேடிக்கை, ஏற்காட்டுப் பயணம் என்று கொண்டுவரும் காஸெட் மாறும்; கேட்கும் சந்தேகம் மாறுவதில்லை. பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் மூன்றைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் எளிதாக இருக்கும்.

1. சிடி, விசிடி, டிவிடி, புளூ-ரே எல்லாமே பார்க்க ஒரே தட்டாகத்தானே இருக்கின்றன? பிறகு ஏன் இத்தனை பெயர்?

தட்டு வேறு, அதில் எழுதும் முறை வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் தட்டுகள். மூன்றுக்கும் 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். எழுதும் லேசர் கதிர்தான் மாறுகிறது: சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. கோலமாவை எவ்வளவு மெல்லிய இழையாக விடுகிறோமோ, அவ்வளவு நுணுக்கமான கோலம் அதே வாசலில் அடங்கும். அதைப் போல அலைநீளம் குறையக் குறையப் பதிவுப் புள்ளி சிறுத்து, அதே அளவுத் தட்டில் 700 எம்பி, 4.7 ஜிபி, 25 ஜிபி என்று கொள்ளளவு ஏறுகிறது.

விசிடி என்பது தட்டின் பெயர் அன்று. சாதாரண சிடியில் எம்பெக்-1 என்ற சுருக்க முறையில் படத்தை எழுதினால் அது விசிடி. டிவிடி தட்டில் எம்பெக்-2 முறையில், அதற்குரிய கோப்புறை அமைப்போடு எழுதினால் அது டிவிடி வீடியோ. அதே தட்டில் கணினிக் கோப்பை அப்படியே போட்டால் அது வெறும் தரவு வட்டு. ஆகவே "டிவிடி போட்டுக் கொடுங்கள்" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் எந்தக் கருவியில் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

2. அதெல்லாம் வேண்டாம் சார். எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரு வட்டு அன்று, இரண்டு பதிவுகள். பார்ப்பதற்கு ஒன்று, பாதுகாப்பதற்கு ஒன்று. பாட்டி பிளேயரில் போட்டுப் பார்க்க டிவிடி வீடியோ. பேரன் காலத்துக்கு வைத்திருக்க, காஸெட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பு.

இவை ஏன் ஒன்றாக முடியாது? டிவிடி வீடியோவாக மாற்றும்போது படம் சுருக்கப்படுகிறது. சுருக்கத்தில் போன நுணுக்கம் திரும்பி வராது. கைக்கேமராக்களில் ஓடிய சின்ன டிஜிட்டல் காஸெட் ஒரு மணி நேரத்துக்குக் கணினியில் சுமார் 13 ஜிபி பிடிக்கும். டிவிடி வீடியோ ஆக்கினால் அது 4 ஜிபிக்குள் வந்துவிடும். வேலை முடிந்தது என்று அந்த 13 ஜிபியை அழித்துவிட்டு, காஸெட்டையும் பழைய சாமான்களோடு போட்டுவிட்டு, பிறகு டிவிடியிலிருந்து நல்ல பிரதி எடுத்துத் தரச் சொல்லி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துவிடும். தயவுசெய்து மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

3. எங்கள் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம். ஒரே டிவிடியில் அடங்குமா?

அடங்கும். படம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதுதான் கேள்வி. கணக்கு எளிது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; ஆகவே 4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிட். அதைப் படம் ஓடும் வினாடிகளால் வகுத்தால், ஒரு வினாடிக்கு எவ்வளவு தரவு ஒதுக்கலாம் என்பது கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு (7,200 வினாடி) 5.2 மெகாபிட். மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.5. ஒரு மணி நேரம் என்றால் 10.4 வருகிறது, ஆனால் டிவிடி வீடியோவில் படத்துக்கான உச்ச வரம்பே 9.8-தான். நான் 8-ஐத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் போனால், வீட்டில் எழுதிய வட்டைப் படிக்கும்போது சில பிளேயர்கள் திணறுகின்றன.

3.5 மெகாபிட்டில் மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி நன்றாகவே இருக்கும். ஓமப்புகை எழும்போதும், அட்சதை பறக்கும்போதும், கேமராக்காரர் கூட்டத்துக்குள் நுழையும்போதும் படம் கட்டம் கட்டமாக உடையும். தாலி கட்டும் நேரத்தில்தான் இவை எல்லாம் ஒன்றாக நடக்கின்றன. அதனால் என் ஆலோசனை, முகூர்த்தம் ஒரு வட்டில், வரவேற்பு இன்னொரு வட்டில். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியும் உண்டு. ஆனால் விலை கூடுதல், பழைய பிளேயர்கள் இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒரே வட்டில்தான் வேண்டும் என்றால், மூலம் பழைய வி.எச்.எஸ். காஸெட்டாக இருக்கும்போது ஒரு வழி இருக்கிறது. டிவிடி வீடியோ முழு அளவான 720 × 576-ஐ மட்டுமன்றி, அரை அகலமான 352 × 576-ஐயும் ஏற்கும். வி.எச்.எஸ். காஸெட்டில் இருக்கும் நுணுக்கமே சுமார் 240 கோடு அளவுதான் என்பதால் அரை அகலத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகள் பாதியாவதால் 3.5 மெகாபிட்டே தாராளமாகிவிடும். ஒலியையும் கவனியுங்கள். சுருக்காத ஒலி மட்டுமே வினாடிக்கு 1.5 மெகாபிட் தின்றுவிடும். டால்பி டிஜிட்டலில் 256 கிலோபிட் வைத்தால் நாதஸ்வரமும் தவிலும் குறையில்லாமல் கேட்கும்.

4. டப்பாவில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது. கணினி 4.37 என்கிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. 470 கோடி பைட் என்பதே இரண்டு கணக்கிலும் உண்மை.

அந்த 4.37-ஐயும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். வட்டு நடுவிலிருந்து வெளிப்புறமாக எழுதப்படுகிறது. வெளி விளிம்பில்தான் சாயப்பூச்சு சீரற்றுப் போகும் வாய்ப்பு அதிகம். நம் விரல் படுவதும் அங்கேதான். "கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நின்று நின்று ஓடுகிறது" என்று வரும் வட்டுகள் பெரும்பாலும் நிரம்ப எழுதியவை. 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

5. விசிடியிலேயே போட்டுவிட்டால் என்ன? எங்கள் மாமா வீட்டில் இன்னும் விசிடி பிளேயர்தான் இருக்கிறது.

மாமா வீட்டுக்கு மட்டும் ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து கொடுங்கள். விசிடியில் படம் 352 × 288. டிவிடியின் 720 × 576-இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. படத்துக்கு வினாடிக்கு 1.15 மெகாபிட் என்று 1993-இல் வகுத்த அளவை இன்றும் மாற்ற முடியாது. ஒரு சிடியில் 74 முதல் 80 நிமிடம். 3-ஆம் கேள்வியில் சொன்ன கல்யாணத்துக்கு மூன்று சிடி வேண்டும்.

பெரிய தொலைக்காட்சியில் போட்டால் தூரத்தில் நிற்பவர்களின் முகம் கரைந்துபோகும். பாதுகாக்கும் பிரதியாக விசிடியை ஒருபோதும் வைக்காதீர்கள். சிடியில் எம்பெக்-2 எழுதும் எஸ்விசிடி என்ற முறையும் இருந்தது. நம் ஊர் பிளேயர்கள் பல அதை ஏற்பதில்லை என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

6. டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர். எதை வாங்குவது?

இன்றைய கருவிகளுக்கு இரண்டும் ஒன்றே. மைனஸ் முறை 1997-இல் வந்தது, பிளஸ் 2002-இல். இரு வேறு நிறுவனக் கூட்டணிகள் உருவாக்கியதால் இரண்டு பெயர். 2004-க்கு முந்தைய பிளேயர் என்றால் மைனஸ் ஓடும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

பிளஸ் ஆரில் ஒரு நன்மை உண்டு. வட்டின் வகைக் குறியை 'டிவிடி ரோம்' என்று மாற்றி எழுத, எழுதும் கருவிகள் பல இடம் கொடுக்கும். அப்படி எழுதினால், கடையில் அச்சிட்டு விற்ற படவட்டு என்று எண்ணிப் பழைய பிளேயரும் படித்துவிடும். பிடிவாதமான பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே நான் முதலில் செய்து பார்ப்பது.

7. ஆர்டபிள்யூ வாங்கினால் அழித்து அழித்து எழுதலாமே? அதுதானே லாபம்?

முயற்சிப் பிரதிக்கு லாபம். மெனு சரியாக வந்திருக்கிறதா, ஒலி ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஓர் ஆர்டபிள்யூ வட்டு போதும். சுமார் ஆயிரம் முறை அழித்து எழுதலாம். இறுதிப் பிரதிக்கு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால் பல பிளேயர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. தவிர, அழிக்கக்கூடியதை என்றைக்காவது யாராவது கை தவறி அழித்துவிடுவார்கள்.

8. எம்பி4 கோப்பை டிவிடியில் காப்பி செய்தேன். கணினியில் ஓடுகிறது, பிளேயரில் 'டிஸ்க் இல்லை' என்கிறது. வட்டு கெட்டுவிட்டதா?

வட்டு நன்றாக இருக்கிறது. 1-ஆம் கேள்வியில் சொன்ன தரவு வட்டுதான் உங்கள் கையில் இருப்பது. டிவிடி பிளேயர் தேடுவது எம்பெக்-2 படமும், அதை ஒரு ஜிபி துண்டுகளாக வைத்திருக்கும் குறிப்பிட்ட பெயருள்ள கோப்புறையும். கோப்பின் பெயரை மாற்றினால் அது டிவிடி ஆகிவிடாது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள், கோப்பை எம்பெக்-2 ஆக்கி, அத்தியாயமும் மெனுவும் சேர்த்து, அமைப்பை உருவாக்கித் தரும். அதன் பிறகு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வட்டை 'நிறைவு' (ஃபைனலைஸ்) செய்ய மறக்காதீர்கள். பின்னால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று திறந்தே விட்ட வட்டைப் பெரும்பாலான பிளேயர்கள் படிக்க மாட்டா.

9. எந்த வேகத்தில் எழுதுவது? மெதுவாக எழுதினால் நன்றாகப் பதியும் என்கிறார்களே?

பாதி உண்மை. 16 மடங்கு வேகத்துக்கென்று செய்த தட்டின் சாயம், அந்த வேகத்தில் பாயும் லேசருக்குத் தக்கபடி கலக்கப்பட்டது. அதை ஒரு மடங்கு வேகத்தில் எழுதினால் பிழைகள் கூடலாம். உச்ச வேகமும் நல்லதன்று. 16 என்று அச்சிட்ட தட்டை 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள்; பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதியதும் மென்பொருளில் இருக்கும் சரிபார்ப்பை ஓட்டுங்கள். அதற்கு இன்னொரு பத்து நிமிடம் ஆகும், பரவாயில்லை. மின்சாரம் போய்ப் போய் வரும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் எழுத உட்காராதீர்கள். பாதியில் நின்றால் அந்தத் தட்டு வீண்.

10. அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள். இங்கே எழுதியது அங்கே ஓடுமா? மண்டலக் குறியீடு என்று ஏதோ சொல்கிறார்களே?

மண்டலக் குறியீடு கடையில் விற்கும் படங்களுக்கு. இந்தியா 5, அமெரிக்கா 1. நீங்கள் வீட்டில் எழுதும் வட்டில் அந்தப் பூட்டே கிடையாது. உண்மையான தடை வேறு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பிஏஎல்: வினாடிக்கு 25 படம், 576 வரி. அங்கே என்டிஎஸ்சி: வினாடிக்கு 29.97 படம், 480 வரி. நம் பிளேயர்கள் இரண்டையும் ஏற்கும். அங்கே விற்பவற்றில் பல, பிஏஎல் வட்டைத் துப்பிவிடும்.

மாற்றி எழுதித் தரலாம். ஆனால் 25-ஐ 29.97 ஆக இழுக்கும்போது பக்கவாட்டு அசைவுகள் லேசாகத் துடிக்கும். அக்கா கணினியில் பார்ப்பவர் என்றால் மாற்றமே தேவையில்லை. கணினி எதையும் ஓட்டும். என்னிடம் கேட்டால், எம்பி4 கோப்பாக அனுப்பிவிடுங்கள். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தை அவர் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க அதுவே தெளிவான வழி.

11. என் கைபேசியில் 4கே-இல் எடுத்தேன். கண்ணாடி போல் இருந்தது. டிவிடியில் போட்டதும் ஏன் இவ்வளவு மங்கல்?

டிவிடியின் ஒரு படச்சட்டத்தில் 4,14,720 புள்ளிகள். முழு எச்டியான 1920 × 1080-இல் 20,73,600; சரியாக ஐந்து மடங்கு. 4கே-இல் இருபது மடங்கு. இருபது புள்ளியில் பத்தொன்பதை விட்டுவிட்டுப் பார்க்கிறீர்கள். இது எழுதியவரின் குறை அன்று.

எச்டி தரத்தில் வட்டு வேண்டும் என்றால் புளூ-ரே. ஓரடுக்கு 25 ஜிபி, ஈரடுக்கு 50. எழுதும் கருவியும் பார்க்கும் பிளேயரும் புளூ-ரேயாகவே இருக்க வேண்டும். இடைவழி ஒன்று உண்டு: 2006-இல் கேமராக்களுக்காக வந்த ஏவிசிஎச்டி முறையில் எச்டி படத்தைச் சாதாரண டிவிடி தட்டிலேயே எழுதலாம். அரை மணி நேரம் சொச்சம் அடங்கும். அதை டிவிடி பிளேயர் ஏற்காது, புளூ-ரே பிளேயர் ஏற்கும். வீட்டில் புளூ-ரே பிளேயர் இல்லாதவர் இதற்காக ஒன்று வாங்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகினாலே 4கே தெரியும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

12. கேமராவிலேயே போட்டு எடுத்த குட்டி டிவிடி இது. கேமரா விற்றாயிற்று. வட்டில் ஒன்றுமே இல்லை என்று கணினி காட்டுகிறது.

8 செ.மீ. தட்டு, 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம். இதை அந்தக் கேமராவிலேயே நிறைவு செய்திருக்க வேண்டும் (8-ஆம் பதிலின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்). செய்யாமல் விட்டதால் உள்ளடக்கப் பட்டியல் எழுதப்படவில்லை. படம் உள்ளேதான் இருக்கிறது. அதே வகைக் கேமரா யாரிடமாவது இருந்தால் வாங்கி நிறைவு செய்யுங்கள். இல்லையென்றால், நிறைவு செய்யாத வட்டைப் படிக்கும் மீட்பு மென்பொருள்கள் இருக்கின்றன. பல முறை எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. 'காலி வட்டு' என்று கணினி சொல்வதை நம்பி அதன் மேல் எதையும் எழுதிவிடாதீர்கள். தட்டை இழுத்துக்கொள்ளும் பிளவுவாய் டிரைவில் குட்டி வட்டைச் செருகவும் கூடாது, உள்ளே மாட்டிக்கொள்ளும்.

13. எந்தப் பெயருள்ள தட்டு வாங்கலாம்? எல்லாம் ஒன்றுதானே?

டப்பாவின் மேல் இருக்கும் பெயர் ஒன்று, தட்டைச் செய்த ஆலை வேறு என்பது இந்தத் தொழிலில் வழக்கம். இலவச மென்பொருளில் வட்டைப் போட்டால் உண்மையான ஆலையின் குறியீடு தெரியும். நம் நாட்டிலேயே மோசர் பேர் நிறுவனம் உலக அளவில் தட்டு செய்து விற்றது. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. இப்போது பழைய சரக்கும் இறக்குமதியும்தான். உறையில்லாமல், பெயரில்லாமல் சில்லறையாக விற்கும் தட்டை மட்டும் தொடாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் சொல்கிறேன் என்பது புரியும். எழுதக்கூடிய டிவிடியில் 0.6 மி.மீ. பிளாஸ்டிக் இரண்டுக்கு நடுவே கரிமச் சாயப்பூச்சு. அதன் பின்னால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம், பெரும்பாலும் வெள்ளி. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு செய்பவருக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. வெள்ளி காற்றிலுள்ள கந்தகம் பட்டால் கறுக்கும். விளிம்பில் இரு தட்டுகளையும் ஒட்டிய பசை சரியில்லை என்றால் காற்றும் ஈரமும் நுழைந்து, வெள்ளி விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கெட்டுக்கொண்டே வரும். தங்கப் படலம் போட்ட தட்டுகள் இருந்ததற்குக் காரணம் இதுவே; தங்கம் கறுப்பதில்லை.

என் மகளின் காதுகுத்து வீடியோவை நான்கு பிரதி எழுதினேன். நான்கும் ஒரே கட்டிலிருந்து எடுத்த பெயரில்லாத் தட்டுகள். நான்கு பிரதி இருக்கிறதே என்ற தைரியத்தில் காஸெட்டின் மேல் வேறொன்றைப் பதிவு செய்துவிட்டேன். ஐந்தாறு ஆண்டில் நான்கும் ஒரே மாதிரி, வெளி விளிம்பிலிருந்து போயின. மடியில் வைத்திருந்த என் அம்மா சிரிக்கும் இடம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருந்தது. அன்று முதல் யாருக்கு எழுதினாலும், இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு ஆலைத் தட்டுகளில்தான் எழுதுகிறேன்.

14. ஏற்காட்டில் எங்கள் வீடு. அலமாரியில் வைத்த காஸெட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டிவிடிக்கும் இப்படி ஆகுமா?

அந்தக் காஸெட்டைத் தயவுசெய்து பிளேயரில் போடாதீர்கள். அது பூஞ்சை. ஓட்டினால் நாடாவும் கிழியும், பிளேயரின் முனையும் கெடும், அடுத்துப் போடும் காஸெட்டுக்கும் பரவும். முதலில் உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து, நாடாவைச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் வீட்டுக்குள் வரும் மாதங்களில் நாடாவுக்கு இது நேர்வது இயல்பு. சேவராயன் மலையிலிருந்து எனக்கு வருகிற காஸெட்டுகளில் பூக்காதவை குறைவு.

டிவிடியில் பூஞ்சை மேற்பரப்பில்தான் படியும், துடைத்துவிடலாம். அதைவிட ஈரம் விளிம்பு வழியே நுழைவதுதான் ஆபத்து. 13-ஆம் பதிலில் சொன்ன அதே கதை. காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிற்கவைத்து அடுக்குங்கள். பொட்டலத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். குளிர்ந்த வட்டைச் சேலத்துக்குக் கொண்டுவந்த உடனே பிளேயரில் போட வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் வெயில் மாறிவிடும். வட்டின் மேல் நீர் பூக்கும். ஒரு மணி நேரம் உறையிலேயே இருக்கட்டும்.

சேலத்துக்காரர்களுக்கு எதிரி வேறு, வெப்பம். சித்திரையில் மொட்டை மாடி அறையிலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைத்த தட்டு வளையும், சாயம் வெளுக்கும். வீட்டின் கீழ்த்தளத்தில், உள்ளறை இரும்பு பீரோவே போதும். ஆனால் பாச்சை உருண்டையை அதே அடுக்கில் போடாதீர்கள்.

15. தட்டின் மேல் பெயர் எழுதலாமா? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். தட்டு வேகமாகச் சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து நடுங்கும். வெயிலில் ஓரம் தூக்கிக்கொண்டு பிளேயருக்குள் சிக்கும். தண்ணீர் கலந்த மையுள்ள மார்க்கரால், நடுவிலுள்ள ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா கூடாது. சிடியில் இது இன்னும் முக்கியம்: அதன் பதிவு அடுக்கு பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய பூச்சுக்குக் கீழ் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறலே சிடியைக் கொல்லும். புளூ-ரேயில் நேர்மாறு, பதிவு அடுக்கு படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான்.

16. கணினியில் பார்க்கும்போது அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் போல் கோடு தெரிகிறது. நீக்கிவிட்டு டிவிடி எழுதட்டுமா?

நீக்காதீர்கள். காஸெட் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி, வினாடிக்கு 50 பாதிப்படங்களாக எடுக்கப்பட்டது. கணினி இரண்டு பாதியையும் ஒன்றாக்கிக் காட்டுவதால் பல் தெரிகிறது. டிவிடி வீடியோ இந்த முறையை அப்படியே ஏற்கும், தொலைக்காட்சி சரியாகப் பிரித்துக் காட்டும். நீக்கினால் அசைவின் வழவழப்பு பாதியாகிவிடும்.

தொலைக்காட்சியிலும் படம் முன்னும் பின்னும் உதறினால் அது வேறு பிழை: எந்தப் பாதி முதலில் என்பது மாறியிருக்கிறது. சின்ன டிஜிட்டல் காஸெட்டில் கீழ்ப்பாதி முதலில் வரும். பல மென்பொருள்கள் மேல்பாதி முதலில் என்று தாமாக எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பை மாற்றி மறுபடி எழுதினால் உதறல் நின்றுவிடும். கைபேசிக்கான எம்பி4 செய்யும்போது மட்டும் பல்லை நீக்கலாம். அதையும் வினாடிக்கு 50 படமாக நீக்குங்கள். பாதுகாக்கும் மூலத்தில் கைவைக்க வேண்டாம்.

17. ஒரு டிவிடி எத்தனை ஆண்டு இருக்கும்? ஆயிரம் ஆண்டு இருக்கும் வட்டு என்று ஒன்று விற்கிறார்களே?

நல்ல தட்டு, நல்ல எழுத்து, நல்ல பீரோ என்றால் என்னிடம் பதினைந்து ஆண்டு தாண்டியவை நன்றாக ஓடுகின்றன. 13-இல் சொன்னவை ஐந்தில் போயின. நீங்கள் கேட்பது எம்-டிஸ்க். கரிமச் சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிமப் படலத்தில் லேசர் குழி பறிக்கிறது. ஆயிரம் ஆண்டு என்பது தயாரித்தவர்கள் சொன்னது. சாயம் வெளுக்கும் பிரச்சினை அதில் இல்லை என்பது உறுதி. எழுத அதற்கென்ற கருவி வேண்டும், படிக்கச் சாதாரண டிரைவ் போதும். புளூ-ரே தட்டுகளிலும் பெரும்பாலானவை கனிமப் படலம் கொண்டவை. எல்டிஎச் என்று அச்சிட்டவை மட்டும் சாயம், அவற்றைத் தவிருங்கள்.

தட்டு இருந்தாலும் படிக்கும் கருவி இருக்குமா என்பது நியாயமான கவலை. மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. சோனி நிறுவனம் எழுதும் புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே நான் வட்டை மட்டும் நம்பச் சொல்வதில்லை. மூலக் கோப்பு ஒரு வன்தட்டில், இன்னொன்று கனிமப் படல வட்டில், மூன்றாவது வேறு ஊரில் உறவினர் வீட்டில். பென்டிரைவைப் பிரதியாகக் கணக்கிடாதீர்கள். மின்சாரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன் நினைவு கசியும். யுஎஸ்பி டிவிடி டிரைவ் கடையில் கிடைக்கும்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

18. பத்து வருடத்துக்கு முன் எழுதிய டிவிடி இப்போது ஓடவில்லை. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பற்பசையை எடுத்து வையுங்கள். முதலில் மென்மையான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே ஓடி, அதிகத் தரவைக் கெடுக்கும். பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பழைய மேசைக் கணினியின் டிரைவ் பெரும்பாலும் கெட்டிக்காரத்தனமாகப் படிக்கும்.

அதிலும் ஆகவில்லை என்றால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும். இரவு முழுவதும் ஓடும். அதே வேலையை இரண்டாவது டிரைவில் தொடரவும் செய்யலாம், விட்டுப்போன இடங்கள் குறையும். உறவினர்களிடம் அதே வட்டின் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் அரைகுறையாக இருந்தாலும், ஒரே கோப்பிலிருந்து எழுதியவை என்றால் ஒன்றில் போன இடத்தை மற்றொன்றிலிருந்து நிரப்பலாம். போன ஆடியில் அம்மாபேட்டைக் குடும்பம் ஒன்றுக்கு மூன்று அண்ணன் தம்பி வீட்டு வட்டுகளைச் சேர்த்து ஒரு முழுப் படம் எடுத்தேன். எடுத்த கோப்பை மறுபடி சுருக்காமல் அப்படியே வன்தட்டில் வையுங்கள்.